“பார்த்துச் செய்யுங்க” என்றால் எவ்வளவு?

தமிழில் மிக விலை கூடிய வார்த்தை எது என்று யாராவது கேட்டால், “பார்த்துச் செய்யுங்க” என்பேன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் சொன்னால் நூறு ரூபாயோடு போகும். மேளக்காரர் சொன்னால் ஐநூறோடு போகும். வக்கீல் ஆபீசில் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்பது சொன்னவருக்குத் தெரியும். கேட்டவருக்குக் கடைசி நாளில்தான் தெரியும்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல்கள் பீஸ் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் ஆட்சேபணை நேர் எதிரானது. முதல் நாள் அவர்கள் பீஸ் வாங்குவதில்லையே, அதில்தான்.

டாக்டரிடம் போகிறோம். டோக்கன் வாங்கி, கட்டணம் கட்டி, உள்ளே போகிறோம். “ஒண்ணுமில்லை, வெந்நீர் குடிங்க, சரியாப் போகும்” என்று அவர் அனுப்பிவிட்டாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. பார்த்ததற்கு உண்டான பணம் வந்துவிட்டது. அதனால் அவரால் உண்மையைச் சொல்ல முடிகிறது. வக்கீல் ஆபீசில் என்ன நடக்கிறது? “முதல்ல உட்காருங்க, விஷயத்தைச் சொல்லுங்க, பீஸெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.” முக்கால் மணி நேரம் கேட்கிறார். பத்திரம் எல்லாவற்றையும் புரட்டுகிறார். ஒரு காசு வாங்குவதில்லை. வந்தவர் மனம் குளிர்ந்துபோகிறார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கான கூலியை வக்கீல் எங்கிருந்து எடுப்பார்? வழக்கு போட்டால்தான் எடுக்க முடியும். “இந்த வழக்கு நிற்காது, அண்ணனிடம் போய்ச் சமாதானமாகப் பேசுங்கள்” என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் அவர் கை வெறுங்கை. நல்ல புத்தி சொன்னால் நஷ்டம், வக்காலத்தில் கையெழுத்து வாங்கினால் லாபம் என்று ஒரு தொழிலை நடத்தினால், அதில் எவ்வளவு நல்லவர் உட்கார்ந்தாலும் தராசு ஒரு பக்கம்தான் சாயும். ஆலோசனைக்கு விலை வைக்காத இடத்தில் வழக்கு விலை போகும்.

திரேஸ்புரத்தில் இருக்கிறவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சாயங்காலம் ஆனால் யாராவது ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வாரிசுச் சான்று, வள்ளம் விற்ற ஒப்பந்தம், என்ஜின் கடன் நோட்டீஸ், அண்ணன் தம்பி வீட்டுப் பாகம், ரோட்டு விபத்து நஷ்டஈடு. வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். “வக்கீலுக்கு எவ்வளவு பேசினீங்க?” என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்தத் தெருவில் ஓர் அம்மா. மீன் விற்கிறவர். கணவர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கு நாலு வருஷத்துக்கு மேல் நடந்தது. “நீங்க ஒண்ணும் தர வேண்டாம்மா, பணம் வந்த பிறகு பார்த்துக்கலாம்” என்பதுதான் முதல் நாள் பேச்சு. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஏதோ ஒன்று கேட்கப்பட்டது. மகள் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். டைப்பிங் 300. குமாஸ்தா 200. நகல் எடுக்க 150. டாக்டர் சாட்சி 2,000. மொத்தம் 37 வரிகள். பணம் பேங்கில் ஏறிய அன்று குமாஸ்தா வந்து அவரை அழைத்துப் போனார். நாலில் ஒரு பங்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். அந்த 37 வரிகளை யாரும் கழிக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டும் தரவில்லை.

“முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா” என்றேன்.

“எப்படி அண்ணாச்சி கேக்க? அவுக படிச்சவுக. கேட்டு, கோவிச்சுக்கிட்டு, கேசைக் கவனிக்காம விட்டுட்டாகன்னா? அவுக இல்லாட்டி அந்த முக்கா பங்குந்தான் எனக்கு ஏது?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வக்கீல் நன்றாகத்தான் வாதாடியிருக்கிறார். தீர்ப்பைப் படித்தேன், வேலை சுத்தம். அவர் உழைப்புக்கு அந்தக் கால் பங்கு தகுமா, தகாதா? எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தாளாவது வேண்டுமே!

பங்கு என்ற சொல் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. நாட்டுப்படகில் போகிறவனுக்குப் படகுப் பங்கு எவ்வளவு, வலைப் பங்கு எவ்வளவு, ஆள் பங்கு எவ்வளவு என்று கடலில் இறங்குமுன்பே தெரியும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, எடுத்த சிப்பியில் குளியாளிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு என்று விதி இருந்தது. சர்க்கார் தன் பங்கை ஆயிரம் சிப்பி கணக்கில் ஏலம் விட்டது. சிப்பிக்குள் முத்து இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பங்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்தறியாத குளியாளிக்கு இருந்த இந்தத் தெளிவு, கோர்ட்டுக்குப் போகிற அவன் பேத்திக்கு இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை. இந்திய பார் கவுன்சில் விதிகளில், கட்சிக்காரருக்கு வக்கீல் செய்ய வேண்டிய கடமைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் 20-ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது. 1954-லேயே உச்ச நீதிமன்றம் இப்படிப் பங்கு பேசிய ஒரு மூத்த வழக்கறிஞர் நடத்தையைத் தொழில்முறைத் தவறு என்று கண்டித்தது. தீர்ப்பில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை, ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துதான். 2017 டிசம்பரில் மறுபடியும் அதே விஷயம் வந்தது. தெலங்கானாவில் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் நஷ்டஈட்டில் சதவீதக் கணக்குப் போட்டு, அதற்குச் செக் வாங்கி, செக் திரும்பியதும் வழக்கும் போட்டார் அவருடைய வழக்கறிஞர். அந்த வழக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கறிஞர் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்பதையும், சட்ட ஆணையம் 1988-லேயே தன் 131-ஆவது அறிக்கையில் இதைப் பற்றிப் பேசியதையும் எடுத்துச் சொன்னது. அறிக்கை வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. சட்டத்தைக் காணோம்.

ஆக, பங்கு வாங்குவது புத்தகத்தில் குற்றம், நடைமுறையில் வழக்கம். குற்றம் என்பதால் யாரும் தாளில் எழுத மாட்டார்கள். எழுதாததால் கட்சிக்காரரிடம் அத்தாட்சி கிடையாது. தடையே மறைவுக்கு வசதி செய்து கொடுக்கிறது.

இன்னும் இரண்டு விதிகளைப் படிக்கும்போது கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்குக் கை தட்டத் தோன்றியது. கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், எது பீஸ், எது செலவு என்று பிரித்து எழுத வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும். அதைவிட முக்கியமானது 29-ஆம் விதி. பீஸ் எவ்வளவு என்று பேசி முடிக்காமல் விட்டிருந்தால், வழக்கு முடியும்போது கையில் இருக்கும் கட்சிக்காரர் பணத்திலிருந்து, அதற்குள் பேசி முடித்த தொகை இல்லாவிட்டால், நீதிமன்ற விதிப்படி உள்ள கட்டணத்தை மட்டுமே அவர் எடுத்துக்கொள்ளலாம். மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதாவது “பார்த்துச் செய்யுங்க” என்பதற்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு விலை வைத்திருக்கிறது. தீர்ப்பின் கடைசியில் செலவுத் தொகைக் கணக்கில் ‘வக்கீல் பீஸ்’ என்று ஒரு சின்னத் தொகை வருமே, அந்த ரகம். இந்த விதி ஒன்று இருப்பதாக எந்தக் கட்சிக்காரருக்காவது யாராவது சொன்னதுண்டா?

பிரச்சினை வந்தால் எங்கே போவது? வக்கீலுக்கு வழி உண்டு. 1926-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வழக்கறிஞர் தன் கட்டணத்தைக் கட்சிக்காரரோடு ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளலாம், தராவிட்டால் வழக்குப் போட்டு வசூலிக்கலாம் என்கிறது. கட்சிக்காரருக்கு? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்தது. 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பு. இனி ஒன்று, பார் கவுன்சிலில் புகார் எழுத வேண்டும். இல்லையென்றால் சிவில் கோர்ட். சிவில் கோர்ட்டுக்குப் போக இன்னொரு வக்கீலைப் பார்க்க வேண்டும். அவரும் “உட்காருங்க, பீஸெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்!

நான் பள்ளிப்படிப்பு முழுவதும் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா பிழைப்புக்காக அங்கே போனவர், பிறகுதான் பூர்வீகமான திரேஸ்புரத்துக்குத் திரும்பினோம். பிரெஞ்சில் வக்கீல் கூலிக்கு ‘ஒனோரேர்’ என்று பெயர். ‘ஒனேர்’ என்றால் மரியாதை. கூலி இல்லை, மரியாதைக்காகத் தருகிற வெகுமதி என்று பொருள். இந்தப் பழக்கம் ரோமாபுரியிலிருந்து வந்தது. கி.மு. 204-இல் அங்கே, வழக்குப் பேசுவதற்குப் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். என்ன நடந்தது? வாங்குவது நிற்கவில்லை. கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில், 10,000 செஸ்டர்ஸ் வரை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாம் இன்னும் கி.மு. 204-இல் நிற்கிறோம்.

அந்த ‘மரியாதை’யை இன்றைக்குப் பிரான்சில் எப்படி வைத்திருக்கிறார்கள்? அங்கேயே தங்கிவிட்ட என் தாய்மாமன் மகன், ஒரு வாடகை வழக்குக்காக வக்கீலோடு கையெழுத்திட்ட தாளை எனக்கு அனுப்பினான். மூன்று பக்கம். என்ன வேலை, அதற்கு எவ்வளவு, வேலை கூடினால் எப்படிக் கூடும், தபால், நகல் செலவு யாருடையது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. 2015 ஆகஸ்டில் வந்த சட்டத்திலிருந்து, அவசர நேரம், அரசின் சட்ட உதவி போன்ற சில விலக்கு தவிர, இந்த எழுத்து ஒப்பந்தம் அங்கே கட்டாயம். முழுக்க முழுக்க ஜெயித்தால்தான் பீஸ் என்பது அங்கேயும் கூடாது. ஆனால் ஒரு நிலையான பீஸோடு, ஜெயித்தால் கூடுதலாக இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். பீஸில் தகராறு என்றால் அந்த ஊர் வழக்கறிஞர் சங்கத் தலைவர் விசாரித்து முடிவு சொல்கிறார். நமக்குச் சட்டம் கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலும் 2018 டிசம்பரிலிருந்து, வீடு வாங்கல் விற்றல், இறந்தவர் சொத்து நிர்வாகம் போன்ற சில வேலைகளுக்குச் சொலிசிட்டர்கள் கட்டணத்தை வெளியிட்டாக வேண்டும். அங்கெல்லாம் வக்கீல்களின் மரியாதை கடலில் விழுந்துவிடவில்லை.

இங்கே எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, “இது வியாபாரம் இல்லை, விலைப்பட்டியல் போட முடியாது.” ஒத்துக்கொள்கிறேன். விளம்பரம் கூடாது என்று 36-ஆம் விதி இருக்கிறது. இணையதளங்கள் வழக்கறிஞர்களைக் கடைச்சரக்குபோல் பட்டியல் போடுவதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. சரிதான். நான் வாசலில் பலகை வைக்கச் சொல்லவில்லை. உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள் என்கிறேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

இரண்டு, “வழக்கு எத்தனை வருஷம் போகும் என்று யாருக்குத் தெரியும்? எப்படி முன்கூட்டி பீஸ் சொல்வது?” மொத்தம் சொல்ல முடியாவிட்டால் படிப்படியாகச் சொல்லலாம். நோட்டீஸ் அனுப்ப இவ்வளவு, வழக்குத் தாக்கல் செய்ய இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, அப்பீல் போனால் தனி. வீடு கட்டும் கொத்தனார்கூடக் கடைக்கால், சுவர், காங்கிரீட் என்று பிரித்துச் சொல்கிறார்.

மூன்று, “ஏழைகள் கையில் பணமில்லை. பங்குக் கணக்கு இல்லாவிட்டால் அவர்களுக்கு யார் வழக்கு நடத்துவார்?” இதுதான் கனமான வாதம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டந்தோறும் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்று ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது. மேலே சொன்ன மீன் விற்கும் அம்மா, பெண் என்ற ஒரே காரணத்தால் இதற்கு உரிமை உள்ளவர். முதல் நாள் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. “ஓசி வக்கீல் ஒழுங்காகப் பேசுவாரா?” என்று சனங்கள் பயப்படுவதும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் சில சமயம் நியாயமும் உண்டு. அப்படியானால், உச்சவரம்பு வைத்து, பிரான்சில்போல எழுத்தில், வெளிச்சத்தில் ஒரு பங்கை அனுமதிக்கட்டும். இரண்டில் ஒன்று செய்யட்டும். இருட்டு மட்டும் வேண்டாம்.

நான்கு, “வ.உ.சி. பிறந்த மண்ணில் பீஸ் பேசுவதா?” இதை மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேசத்தான் வேண்டும். ஒட்டப்பிடாரத்திலிருந்து 1900-இல் தூத்துக்குடிக்குத் தொழில் செய்ய வந்த அந்த வக்கீல், ஏழைகளிடம் வாங்கவில்லை என்றால், வாங்காமலே இருந்தார். பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைக்கவில்லை. 1908 தண்டனையோடு அவருடைய சன்னது போனது. 1912 கடைசியில் விடுதலையாகி வந்தும் வழக்காட முடியாமல் அலைந்தார். அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். 1936-இல் இறக்குமுன் அவர் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளைப் பட்டியலாக எழுதி வைத்தார். எல்லா வக்கீலும் அப்படிக் கடனில் போக வேண்டும் என்று கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் தான் தர வேண்டியதையே கணக்காக எழுதிய மனிதர் பெயரைச் சொல்லிக்கொண்டு, தான் வாங்குவதை எழுதாமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

2018 மே 22-இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. அன்று எங்கள் திரேஸ்புரத்திலும் ஒரு தாய் செத்துக் கிடந்தார். அந்த நாட்களில் போலீஸ் பிடித்துப்போன பிள்ளைகளுக்காகக் காசு வாங்காமல் கோர்ட்டில் நின்ற வக்கீல்களை இந்த ஊர் பார்த்தது. அதை நாங்கள் மறக்கவில்லை. இலவசம் என்றால் அது. அதற்குப் பின்னால் குமாஸ்தா பேங்குக்கு வரவில்லை.

இளம் வக்கீல்களுக்கும் இதில்தான் நன்மை. சீனியரிடம் எடுபிடியாய், பெட்ரோல் காசுக்கு வேலை பார்க்கும் ஜூனியர்களை எனக்குத் தெரியும். மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது அவர்களுக்குத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது. ஆலோசனைக்கு 500 ரூபாய் என்று நிமிர்ந்து கேட்டு வாங்க ஒரு மரபு இருந்தால், ஒரு ஜூனியர் நாளைக்கு மூன்று பேருக்கு நல்ல புத்தி சொல்லியே சோறு சாப்பிடலாம். வீண் வழக்கு போட வேண்டியதில்லை.

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பார் கவுன்சில் ஒன்றுதான். நான் படித்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் பொதுவான அந்த மன்றத்திடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். தமிழில் அச்சடித்த ஒரு படிவம். முதல் சந்திப்புக்கு இவ்வளவு. வழக்கு எடுத்தால் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு. கோர்ட் பீஸ், டைப்பிங், குமாஸ்தா இதில் சேர்த்தியா, தனியா. இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டா, இல்லையா. கீழே இரண்டு கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. நாங்கள் அலுவலகத்தில் பத்து ரூபாய் வாங்கினாலும் ரசீது போட்டோம். போடாதவன் வேலை போனது. நீதிக்காக வாதாடுகிறவருக்கு இது பாரமா?

அந்தப் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வக்கீல் ஆபீஸ் படி ஏறுகிறவர்கள், உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்: “ஐயா, இன்றைக்கு உங்கள் நேரத்துக்கு எவ்வளவு? அதைத் தந்துவிடுகிறேன். வழக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.” கோபித்துக்கொள்கிற வக்கீல் என்றால், நல்லது, செலவில்லாமல் ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. எழுந்து அடுத்த படி ஏறுங்கள். தொகையைச் சொல்லி, எழுதித் தருகிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அவர் கேட்பது பக்கத்து ஆபீசைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாக இருந்தாலும் சரி, அவர்தான் மலிவு.